பேக்கான பீஸ் எத்தனை? எங்கள் கம்பெனி டேட்டாபேஸை எல்லாருக்கும் திறந்துவிட்ட அனுபவம்

திருப்பூரில் சுமார் 300 பேர் வேலை செய்யும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். சர்வர், பார்கோடு ஸ்கேனர், பிரிண்டர், எங்களுக்கென்றே எழுதிய ஆர்டர் சாஃப்ட்வேர், எல்லாம் என் பொறுப்பு. 2022 கடைசியில் ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது ரிப்போர்ட் கேட்டு ஆள் வருவார்கள். "அம்மிணி, அந்த டையிங்காரருக்கு எவ்வளவு பாக்கின்னு எடுத்துக் குடு கண்ணு" என்று அக்கவுண்ட்ஸில் இருக்கும் பெரியவர் வருவார். அவர் போவதற்குள் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அக்கா போன் செய்வார். இரவு பதினொன்றுக்கு வாட்ஸ்அப்பில் கட்டிங் மாஸ்டர் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு க்வெரி எழுதி, எக்ஸெலில் போட்டு அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் மதியம் ஆகியிருக்கும். என் சொந்த வேலை எதுவும் தொடங்கியே இருக்காது.

முதலாளிதான் ஒரு நாள் கேட்டார்: "ஏம்மா, அவங்களுக்கு வேணுங்கறத அவங்களே பார்த்துக்கற மாதிரி பண்ணிக் குடுத்தா என்ன?" நியாயமான கேள்வி. அதை எப்படிச் செய்வது என்று கேட்க எனக்கு யாரும் இல்லை. நானாக யோசித்துச் செய்தேன். அடுத்த எட்டு மாதத்தில் கம்பெனிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் நஷ்டம். எனக்குத் தூக்கம் போனது. ஒரு நல்ல மனுஷிக்குக் கெட்ட பெயர் வந்தது. உங்கள் கம்பெனியிலும் இதே கேள்வி வந்திருந்தால், நீங்கள் இறங்குவதற்கு முன் என் கதை தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். எக்ஸெல் எல்லாருக்கும் பழக்கம் என்பதால், ஏழு பேரின் கம்ப்யூட்டரில் ஓடிபிசி டிரைவரைப் போட்டு, எக்ஸெலில் இருந்து நேராக டேட்டாபேஸை இழுத்துக்கொள்ளும்படி செய்து கொடுத்தேன். அரை நாள் வேலை. ஏழு பேருக்கும் ஒரே யூசர்நேம், ஒரே பாஸ்வேர்டு. அது எங்கள் சாஃப்ட்வேரே பயன்படுத்தும் யூசர்நேம். அதாவது படிக்க மட்டுமல்ல, திருத்தவும் அழிக்கவும் உரிமை உள்ளது. யாரும் எதையும் அழித்துவிடவில்லை என்பது அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை. முதல் இரண்டு வாரம் எல்லாருக்கும் சந்தோஷம். என் போன் அடிப்பது பாதியாகக் குறைந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் சர்வர் நின்றது. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்று வாரக் கணக்குப் பார்த்து நாலு மணிக்குச் சம்பளச் சீட்டு அடிக்க ஆரம்பிப்போம். அன்று கணக்கு நகரவே இல்லை. பயந்துபோய் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிஷம் நன்றாக ஓடியது, மறுபடி நின்றது. மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி நின்றது. மூன்றாவது முறைதான் நிதானமாக உட்கார்ந்து, இப்போது என்னென்ன க்வெரி ஓடுகிறது என்று பார்த்தேன். ஒருவருடைய எக்ஸெலில் இருந்து இரண்டு டேபிளைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் எந்த நெடுவரிசையால் சேர்ப்பது என்று குறிப்பிடவில்லை. பண்டில் ஸ்கேன் டேபிளில் (துணிக் கட்டுகளை ஸ்கேன் செய்த பதிவுகள்) 40 லட்சம் வரி, ஒர்க் ஆர்டரில் 9,000 வரி. ஒவ்வொன்றோடும் ஒவ்வொன்றைப் பெருக்கினால் 3,600 கோடி வரி. அந்த எக்ஸெல் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருந்ததால், நான் ரீஸ்டார்ட் செய்யச் செய்ய அதுவும் திரும்பத் திரும்ப வந்தது. யாருடைய கம்ப்யூட்டர் என்று கண்டுபிடிக்க யூசர்நேம் உதவவில்லை, எல்லாருக்கும் ஒன்றுதானே. ஐபி முகவரியை வைத்து மாடி மாடியாகத் தேடி, சாம்பிளிங் செக்ஷனில் கண்டுபிடித்தேன். சம்பளம் கொடுக்க ஆறே முக்கால் ஆனது. வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு மளிகை வாங்கிப் போகிறவர்கள், கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவர்கள், எல்லாரும் கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி நடந்துபோக எனக்கு முடியவில்லை.

அன்று இரவே செய்ய ஆரம்பித்தவற்றைச் சொல்கிறேன். முதலாவதாக, வேலை நடக்கும் டேபிள்கள் இருக்கும் சர்வரில் வேறு யாரையும் விடக்கூடாது. அதே டேட்டா நொடிக்கு நொடி நகலாகும் இன்னொரு சர்வர் வேண்டும். போஸ்ட்கிரஸில் அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்கு மெமரியும் எஸ்எஸ்டியும் போட 14,000 ரூபாய் ஆனது, அவ்வளவுதான். இரண்டாவது, ஆளுக்கு ஒரு யூசர்நேம், படிக்க மட்டுமே உரிமை. போஸ்ட்கிரஸ் 14-இல் இருந்து எல்லா டேபிளையும் படிக்கலாம் என்று ஒரே வரியில் கொடுத்துவிடும் ஒரு அனுமதி இருக்கிறது. சுலபமாக இருக்கிறதே என்று அதைக் கொடுத்துவிடாதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மூன்றாவது, அந்த யூசர்களுக்கு மட்டும் ஒரு க்வெரி 60 நொடிக்கு மேல் ஓடினால் தானாக நிற்கும்படி 'ஸ்டேட்மெண்ட் டைம்அவுட்' வையுங்கள். அந்த ஒரே ஒரு அமைப்பு இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை நடந்தே இருக்காது. அப்புறம், நகல் சர்வரில் 'கான்ஃப்ளிக்ட் வித் ரெக்கவரி' என்று சொல்லி ரிப்போர்ட் நடுவில் அறுந்துபோகலாம். முதன்மைச் சர்வரில் பழைய வரிகளுக்கு நடக்கும் சுத்தப்படுத்தல் நகலுக்கு வந்து சேரும்போது, ஓடிக்கொண்டிருக்கும் க்வெரி அதற்கு வழி விட வேண்டியிருக்கும். இயல்பாக 30 நொடிதான் பொறுக்கும். நான் அதை ஐந்து நிமிஷமாக ஏற்றினேன். இது தெரியாமல் நகல் சர்வரே கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வீணாக்கினேன்.

எக்ஸெலை விட்டுவிட்டு மெட்டாபேஸ் போட்டதும் அப்போதுதான். இலவசம், பிரௌசரில் திறக்கும், எஸ்க்யூஎல் (க்வெரி எழுதும் மொழி) தெரியாதவர்களும் க்ளிக் செய்தே கேள்வி கேட்கலாம். இதைப் போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: நிறுவியதும் அது தன் சொந்த விவரங்களை, அதாவது யூசர்கள், சேமித்த கேள்விகள் எல்லாவற்றையும், ஹெச்2 என்ற ஒரு சின்னக் கோப்பில் வைத்துக்கொள்ளும். சோதித்துப் பார்க்க அது போதும். உண்மையான வேலைக்கு என்றால் முதல் நாளே அதைப் போஸ்ட்கிரஸுக்கு மாற்றிவிடுங்கள். இன்டர்நெட்டில் திறந்தும் வைக்காதீர்கள். 2023 ஜூலையில், லாகின் செய்யாமலே வெளியாள் அந்தச் சர்வரில் கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை அதில் இருப்பது தெரிந்து, எல்லாரும் அவசரமாகப் புதுப் பதிப்புக்கு மாற வேண்டியிருந்தது. எங்களுடையது கம்பெனிக்குள் மட்டும் திறப்பதாக இருந்ததால் அந்த வாரம் பதறாமல் மாற்ற முடிந்தது.

இதுவரை சொன்னது மெஷின் சம்பந்தப்பட்டது. மெஷினைச் சரிசெய்துவிட்டேன், இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது.

2023 மே மாதம், ஒரு ஜெர்மனி ஆர்டர், 24,000 பீஸ் டி-ஷர்ட். தூத்துக்குடியில் கப்பலுக்கு நாள் குறித்தாயிற்று. மெர்ச்சண்டைசர் அக்கா மெட்டாபேஸில் பேக்கிங் டேபிளைத் திறந்து, அந்த ஆர்டர் எண்ணைப் போட்டு, பீஸைக் கூட்டிப் பார்த்தார். 24,150. ஆர்டருக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வெட்டுவது எங்கள் ஊர் வழக்கம், அதனால் அந்த எண்ணில் சந்தேகப்பட எதுவும் இல்லை. சரக்கு முழுக்க ரெடி என்று பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) மெயில் போட்டார். கண்டெய்னர் வந்து நின்ற இரவில் பெட்டியை எண்ணி ஏற்றினால் 421 பெட்டிதான் இருக்கிறது. பெட்டிக்கு 50 வீதம் 21,050 பீஸ். மீதி 2,950 பீஸ் இன்னும் செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் கிடக்கிறது. அதைக் கடைசியில் விமானத்தில் அனுப்பினோம். எங்கள் செலவில், ஒரு லட்சத்து 86 ஆயிரம் ரூபாய்.

நடந்தது இதுதான். பெட்டியை ஒட்டியதும் ஸ்கேன் செய்தால் டேபிளில் ஒரு வரி விழும். ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் ஏக்யூஎல் 2.5 (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற தர அளவு) தேறவில்லை என்றால் பெட்டியைப் பிரித்து, மறுபடி செக் செய்து, மறுபடி ஒட்டுவார்கள். பிரித்ததும் பழைய வரியை நாங்கள் அழிப்பதில்லை, அதன் ஸ்டேட்டஸ் 9 ஆகும். திரும்ப ஒட்டும்போது புதிதாக ஒரு வரி விழும். அந்த ஆர்டரில் 62 பெட்டி அப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது. 62 பெட்டியும் கணக்கில் இரண்டு தடவை வந்துவிட்டது. ஸ்டேட்டஸ் 9 என்றால் செல்லாதது என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். எந்த ரிப்போர்ட் எழுதினாலும் என் கை தானாக அந்த வரிகளைக் கழித்துவிடும், அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. டேபிளைத் திறந்து கொடுத்த நான், அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அக்கா செய்த கூட்டல் சரி. அவரைத்தான் மீட்டிங்கில் எல்லாரும் கேள்வி கேட்டார்கள். "கம்ப்யூட்டர்ல வந்ததைத்தான் சொன்னேனுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்டேட்டஸ் 9 விஷயத்தை நான் கண்டுபிடித்தது மறுநாள் மதியம். உடனே முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. ஆனால் மீட்டிங்கில் கேட்டவர்கள் அத்தனை பேரிடமும் போய்ச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் அக்கா மதியச் சாப்பாட்டுக்கு கேண்டீன் பக்கமே வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. பணம் போனதைவிட அதுதான்.

பிறகு செய்ததுதான் உண்மையான வேலை. அனுமதி கொடுப்பது அரை நாள் விஷயம், இதற்கு ஒன்றரை மாதம் பிடித்தது. எங்களிடம் இருந்த 140 டேபிளையும் யாருக்கும் காட்டாமல் மூடினேன். தனியாக ஒரு ஸ்கீமா (டேட்டாபேஸுக்குள் ஒரு தனி அறை மாதிரி) உருவாக்கி, அதில் 'வியூ' மட்டும் வைத்தேன், மொத்தம் பதினொன்று. வியூ என்பது டேபிளில் இருந்து தேவையானதை மட்டும் காட்டும் ஜன்னல் மாதிரி. செல்லாத வரிகள் அதற்குள்ளேயே கழிந்துவிடும். பெயர்களை எல்லாம் ஆட்கள் பேசுகிற பேச்சில் இருந்து எடுத்தேன்: 'பேக்கான பெட்டிகள்', 'வெளியே போன டிசி' (டெலிவரி சலான்), 'டையிங்கில் நிற்கும் துணி'. நெடுவரிசைகளும் அப்படியே. 3, 5, 9 என்ற எண்களுக்குப் பதில் 'ஒட்டியது', 'பிரித்தது' என்று சொல்லாகவே வரும்.

இதில் எதிர்பாராமல் நேரம் எடுத்தது வார்த்தைகள். 'பேலன்ஸ்' என்று ஒரு நெடுவரிசை வைக்கலாம் என்று நினைத்து எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டேன். கட்டிங் மாஸ்டருக்குப் பேலன்ஸ் என்றால் இன்னும் வெட்ட வேண்டியது. மெர்ச்சண்டைசருக்கு ஆர்டரில் இன்னும் பேக் ஆகாதது. அக்கவுண்ட்ஸ் பெரியவருக்கு, வெளியே நமக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம். ஒரே கட்டிடத்தில் பத்து வருஷமாக மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி மூன்று விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் தனித்தனியாக ரிப்போர்ட் கொடுத்த காலத்தில், யார் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்து நானே புரிந்துகொண்டேன். மெஷினுக்கு அது தெரியாது. கடைசியில் 'பேலன்ஸ்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'வெட்ட வேண்டியது', 'பேக் ஆக வேண்டியது', 'கொடுக்க வேண்டியது' என்று மூன்றாக வைத்தோம். நீங்கள் எந்த மென்பொருள் வாங்கினாலும் சரி, அதற்கு முன் இப்படி ஒரு முறை உட்காருங்கள். டீ, வடைச் செலவுதான். பதிலை உடனே எழுதிக்கொள்ளுங்கள், யார் சொன்னது என்பதோடு.

இந்த ஒன்றரை மாதத்தில்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சம்பள டேபிளும் ஆட்கள் விவர டேபிளும் ஐந்து மாதமாக அந்த ஏழு பேருக்கும் திறந்தே இருந்திருக்கிறது. பேங்க் கணக்கு எண், ஆதார் எண், விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்பிள்ளைகளின் போன் நம்பர் உட்பட. இடையில் ஏழு பேரில் ஒருவர் வேலையை விட்டும் போயிருந்தார். பாஸ்வேர்டு பொதுவாக இருந்த நாட்களில் அவர் எதை எடுத்தார், எடுத்தாரா என்பதைக் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒரு வாரம், விடுதிப் பெண் யாராவது என் மேஜைப் பக்கம் வந்தாலே, தெரியாத நம்பரில் இருந்து போன் வருகிறது என்று சொல்லத்தான் வருகிறாளோ என்று பதறினேன். எல்லா டேபிளுக்கும் ஒரே வரியில் அனுமதி கொடுக்காதீர்கள் என்று முன்னால் சொன்னது இதனால்தான். அப்படிக் கொடுத்தால், நாளைக்கு நீங்கள் புதிதாகச் சேர்க்கும் டேபிளும் தானாகத் திறந்துகொள்ளும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைகள் நம்மை நம்பித்தான் நம்பர் கொடுத்தார்கள். மெட்டாபேஸ் இலவசப் பதிப்பில், வரி வரியாக இவருக்கு இது, அவருக்கு அது என்று பிரிக்கும் வசதி கிடையாது, அது காசு கட்டும் பதிப்பில்தான். அதனால் மறைக்க வேண்டியதை டேட்டாபேஸிலேயே மறைத்துவிடுங்கள். எங்கள் வியூவில் ஆதாரின் கடைசி நாலு எண்தான் வரும், போன் நம்பர் வராது.

எக்ஸெல் தனிக்கதை. மெட்டாபேஸ் போட்டாலும் ஆட்கள் டவுன்லோட் செய்து எக்ஸெலில்தான் பார்ப்பார்கள், அதைத் தடுக்க முயன்று பிரயோஜனமில்லை. எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் உள்ளதைப் பூஜ்யமாக்கிவிடும். சில பேங்கின் கணக்கு எண் 16 இலக்கம், 17 இலக்கம். சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) எடுத்து, எக்ஸெலில் திறந்து, சேமித்து, பேங்குக்கு ஏற்றியதில் 38 பேரின் சம்பளம் திரும்பி வந்தது. கணக்கு எண் முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் காணாமல் போகும். இப்போது அந்த எண்களை எக்ஸெலின் சொந்த வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பில் எழுத்து வடிவமாகவே கொடுக்கிறேன். தமிழில் பெயர் இருந்தால் சிஎஸ்வி வேண்டவே வேண்டாம், நேராகத் திறந்தால் பெரும்பாலும் கோணல்மாணலாகத்தான் தெரியும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். எங்கள் நிட்டிங் மெஷின் ராத்திரி முழுக்க ஓடும். ரிப்போர்ட்டில் மட்டும் நைட் ஷிப்ட் உற்பத்தி கொஞ்சம் முந்தின நாளில் விழுந்துகொண்டே இருந்தது. நிட்டிங் சூப்பர்வைசர், "என்ற ஆளுங்க ஓட்டுனது எங்க போச்சுங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். நகல் சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தது. நம் நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ராத்திரி பன்னிரண்டில் இருந்து காலை ஐந்தரை வரை ஓடியதெல்லாம் முந்தின நாள் கணக்கு. அவர் சொன்னது சரி, ரிப்போர்ட்தான் தப்பு. வேலை செய்கிறவர் எண் தப்பு என்று சொன்னால் முதலில் அவரை நம்பிவிட்டுத் தேட ஆரம்பியுங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு தடவை அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது.

இப்போது ஒரு நாளைக்கு என்னிடம் வரும் கேள்வி மூன்று, நாலுதான். வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஒரு மணி நேரம் மீட்டிங் அறையில் உட்கார்ந்திருப்பேன், சந்தேகம் உள்ளவர்கள் வருவார்கள். அக்கவுண்ட்ஸ் பெரியவர் அறுபதைத் தாண்டியவர், 'கொடுக்க வேண்டியது' பட்டியலைத் தானாகவே பிரித்து, கூட்டி, திங்கட்கிழமை காலை மெயிலில் வரும்படி வைத்திருக்கிறார். யாராவது வேலையை விட்டால், ஹெச்ஆர் கொடுக்கும் நோ-டியூஸ் தாளில் என் கையெழுத்துக்கும் ஓர் இடம் சேர்த்திருக்கிறோம். யூசர்நேமை மூடிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

முதலாளி இப்போது, தமிழில் பேசிக் கேட்டால் பதில் சொல்லும் ஏஐ ஒன்றை டேட்டாபேஸோடு இணைக்கலாமா என்று கேட்கிறார். இணைக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன், ஆனால் அந்தப் பதினொரு வியூவுக்கு மட்டும். 140 டேபிளைக் கொடுத்தால் அதுவும் ஸ்டேட்டஸ் 9-ஐச் சேர்த்துத்தான் கூட்டும், அதுவும் சந்தேகமே இல்லாத குரலில் சொல்லும்.

போன வாரம் மெர்ச்சண்டைசர் அக்கா என் மேஜைக்கு வந்தார். "ஏன் கண்ணு, சாம்பிளுக்குன்னு பெட்டியிலிருந்து பத்துப் பன்னெண்டு பீஸ் எடுக்கறாங்களே, அது இந்தப் பேக்கான கணக்குல கழியுதா?" என்று கேட்டார். கழியவில்லை. அதை எடுப்பதை நாங்கள் எங்கேயுமே பதிவதில்லை. அதற்குத்தான் இப்போது ஒரு ஸ்கேன் திரை செய்துகொண்டிருக்கிறேன். அதில் என்னென்ன கேட்க வேண்டும் என்று அக்காதான் எழுதித் தந்திருக்கிறார்.